வாய்க்கால் நீரும் நுண்ணுயிரியலும் – நம் பிள்ளைகள் கற்க வேண்டிய கல்வி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்துள்ள தலைப்பு நுண்ணுயிரியல் ஆராய்ச்சி. மனிதரின் நலவாழ்வுக்கும் தொழில் வளர்ச்சிக்கும் அது ஆற்றும் பணியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். நாங்கள் கலைப் பட்டதாரிகள். பி.ஏ., பி.எட். முடித்து வரலாற்றுப் பாடம் நடத்தியே தலை நரைத்தவர்கள். நுண்ணுயிரியல் கற்றவர் பலர் இந்நகரில் இருக்க, எங்களை ஏன் அழைத்தீர்கள் என்று கேட்டோம். 'தெரிந்தவர் பேசினால் தெரிந்தவருக்குத்தான் விளங்கும். நீங்கள் பேசினால் நம் தெருவாருக்கும் விளங்கும்' என்றார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற முயல்கிறோம்.

தொலைவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இப்பெரிய அறிவியலின் ஓர் அத்தியாயம் நம் புதுச்சேரியில், நம் வாய்க்கால் ஓரங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியவர்களுக்குள் நம் தந்தையரும் அடக்கம். ஆனால் அவர்களுக்கு அது தெரியாது.

எங்கள் தெருவுக்கு இரவில் வந்தவர்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பள்ளிச் சிறுவர்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால். மழைக்காலத்தில் அது வீட்டு வாசல் வரை வரும்; கோடையில் கறுத்துத் தேங்கி நிற்கும். பொழுது சாய்ந்தால் கொசுப்படை கிளம்பும். வேப்பிலைப் புகை போட்டு, கிழிந்த சேலையைப் போர்த்திக்கொண்டு உறங்குவோம்.

எங்கள் அத்தைக்கு யானைக்கால். இடது கால் முழங்கால் வரை பருத்துத் தோல் கெட்டித்துப் போயிருந்தது. சேலையைத் தரையில் இழுபடும்படி உடுத்தி அதை மறைத்துக்கொண்டே வாழ்ந்தார். அவருக்குத் திருமணம் கூடவில்லை. தெருக்குழாயில் அவர் குடம் வைத்தால் நம்மவர்களிலேயே சிலர் தள்ளி நிற்பார்கள். ஊர் நம்மை விலக்கிவைத்தது. நாம் அவரை விலக்கிவைத்தோம். இதை இந்த மேடையில் சொல்வதற்கு வெட்கப்படுகிறோம். ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்காலத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல் சிலர் கைவிளக்கும் கண்ணாடித் துண்டுகளுமாக எங்கள் தெருவுக்கு வந்தார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரண்டொரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். 'இரத்தத்தை எடுத்து விற்கிறார்கள்' என்று வதந்தி பரவிற்று. சிறுவர்கள் நாங்கள் ஓடி ஒளிந்தோம். முதலில் விரலை நீட்டியவர் எங்கள் அத்தைதான்.

சில நாட்களில் முடிவு வந்தது. அத்தையின் இரத்தத்தில் ஒன்றுமில்லை! காலில் வீக்கமோ வலியோ சிறிதும் அறியாத எங்களுள் ஒருவனின் இரத்தத்தில் யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் இருந்தன. பன்னிரண்டு நாட்கள் மாத்திரை விழுங்கச் சொன்னார்கள்.

பெரியோர்களே, எங்கள் வாழ்வின் முதல் அறிவியல் பாடம் இதுவே. நோய் முற்றிக் கால் வீங்கியவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுக்கள் இருப்பதில்லை. எனவே அவரிடமிருந்து எவருக்கும் நோய் பரவுவதில்லை. வெளிக்கு நல்ல உடலோடு நடமாடுபவரிடமே அவை இருக்கக்கூடும். எவரைக் கண்டு ஊர் விலகிற்றோ அவர் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. விலகி நின்றவருக்குள்ளேயே தீங்கு குடியிருந்திருக்கலாம். கண்ணால் கண்டு ஒருவரை ஒதுக்கும் வழக்கம் எவ்வளவு பெரிய அறியாமை என்பதை நூறு மேடைப்பேச்சுகளைவிட ஒரு கண்ணாடித் துண்டு எங்களுக்கு உணர்த்திற்று.

நோயின் வரலாறு

யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல்போன்ற ஒரு புழு. பெரும்பான்மையாக நம் நாட்டில் காண்பது வூச்செரேரியா பாங்க்ராஃப்டி. முதிர்ந்த புழுக்கள் மனிதரின் நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கோடிக்கணக்கான நுண்புழுக்களை ஈனுகின்றன. அந்த நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒளிந்திருந்து, இரவிலேயே வெளி இரத்தத்துக்கு வருகின்றன. இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசுவுக்கு ஏற்ப அமைந்த ஏற்பாடு அது. இரவில் இரத்தம் எடுத்ததன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

1872-இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற மருத்துவர் மனித இரத்தத்தில் இந்நுண்புழுவைக் கண்டார். 1877-இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன், அப்புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். நோயைக் கொசு சுமக்கும் என்ற கருத்து இங்கிருந்தே வேரூன்றியது. அவ்வழியில் சென்ற ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

எங்களுள் ஒருவன் அன்று விழுங்கிய மாத்திரைக்கும் ஒரு கதை உண்டு. டைஎத்தில்கார்பமசீன் என்னும் அம்மருந்து, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் 1947-ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைக் கண்டறிந்த பணியும் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில்தான் நிகழ்ந்தது. உலகம் அவரை அதிகம் அறியாது. அவர் அளித்த மருந்தை நம் தெரு அறியும்.

கொசு ஆபீசு

1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் வழிகளை ஆராய்வது அதன் வேலை. வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் என்பது அதன் பெயர். இன்று இந்திரா நகரில் இருக்கிறது. எங்கள் தெருவில் அதைக் 'கொசு ஆபீசு' என்றே சொல்வோம். அதன் முதல் இயக்குநராகப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றியவர் டாக்டர் பி.கே. இராஜகோபாலன்.

1981 முதல் 1985 வரை இம்மையம் நம் நகரிலேயே ஒரு பெரும் பரிசோதனை நடத்தியது. பூச்சிமருந்து ஒன்றையே நம்பாமல், கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமற் செய்வது அதன் கொள்கை. வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டன. தேங்கிய குட்டைகளுக்கு வடிகால் வெட்டப்பட்டது. கிணறுகளில் கொசுப்புழுவைத் தின்னும் மீன்கள் விடப்பட்டன. ஊழியர்கள் நீண்ட பிடியுள்ள அகப்பையால் சாக்கடை நீரை மொண்டு, அதிலுள்ள புழுக்களை எண்ணி எழுதிக்கொண்டு போவார்கள். 'புழுவை எண்ணுவதற்கும் சம்பளமா?' என்று நாங்கள் சிரிப்போம். எண்ணாமல் எதையும் அறிய முடியாது என்பது பின்னாளில்தான் புரிந்தது.

அவர்கள் எண்ணினார்கள், வாய்க்காலுக்குள் இறங்கி வாரியவர் யார்? எங்கள் தந்தையார் சாக்கடை தூர்வாரும் தொழிலாளி. கையுறை இல்லை; காலுறை இல்லை. இடுப்பளவுச் சேற்றில் நின்று மண்வெட்டியால் கறுத்த வண்டலை வெட்டிக் கரையில் போடுவார். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை போகாது. அந்த வாடையோடுதான் எங்களை மடியில் வைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்வார்.

அவ்வாறு வாரிய வாய்க்காலில் நீர் ஓடிற்று. ஓடிய நீரில் புழு வாழவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அறிஞர்களின் பெயர்கள் இருக்கின்றன, இருக்க வேண்டியதே. வண்டல் வாரியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களின் பெயர்களை நாமாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதோடு, கையால் மலம் அள்ளவும், பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிகளில் இறங்கவும் ஒருவரை ஏவுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மண்ணில் கிடைத்த படைவீரன்

இனி நுண்ணுயிருக்கு வருவோம். டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகளுக்குக் கொசுக்கள் பழகிவிட்டன; அம்மருந்துகள் மீனையும் பறவையையும் மனிதரையும் விட்டுவைப்பதில்லை. கொசுவை மட்டும் கொன்று மற்றவற்றை விட்டுவிடும் மருந்து உண்டா என்று உலகம் தேடிற்று. 1976-இல் இஸ்ரேல் நாட்டின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்து மிதந்த ஒரு குட்டையிலிருந்து மார்காலித், கோல்ட்பர்க் என்ற இருவர் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஆராய்ந்து 1978-இல் வகைப்படுத்திப் பெயரிட்டவர் பாரிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தின் பெண் விஞ்ஞானி டி பார்ஜாக். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது அதன் பெயர். சுருக்கமாக பி.டி.ஐ.

இதன் மூத்த உறவினரை 1901-இலேயே ஜப்பானிய விஞ்ஞானி இஷிவாட்டா, செத்துப்போன பட்டுப்புழுக்களில் கண்டிருந்தார். பட்டு நூற்பவனுக்குப் பகையாக அறிமுகமான இனத்திலேயே மனிதனுக்கு நண்பன் ஒருவனும் கிடைத்தான்.

இது எவ்வாறு கொல்கிறது? இந்தப் பாக்டீரியாவுக்கு உணவு தீர்ந்து போகும்போது, எதிர்காலத்துக்கென்று ஒரு வித்துறையை உருவாக்கிக்கொள்கிறது. அவ்வேளையில் அதன் உடலுக்குள் புரதத்தாலான சிறு படிகங்களும் தோன்றுகின்றன. நீரில் தெளித்தால், கொசுப்புழு தன் வழக்கமான உணவோடு அப்படிகங்களையும் விழுங்குகிறது. கொசுப்புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அக்காரத்தில் படிகம் கரைகிறது. குடலின் நொதிகள் அதை வெட்டி நஞ்சாக மாற்றுகின்றன. அந்நஞ்சு குடற்சுவரில் ஒட்டித் துளையிடுகிறது. ஒரு நாளுக்குள் புழு மடிகிறது. நம் வயிற்றிலோ அமிலம் இருக்கிறது. அந்நஞ்சு பற்றிக்கொள்ளும் பிடிப்பிடமும் நம் குடலில் இல்லை. ஆகவே மனிதருக்கும் கால்நடைக்கும் மீனுக்கும் தீங்கில்லை. சாவி ஒரே பூட்டுக்குத்தான் பொருந்துகிறது.

நம் புதுச்சேரி ஆராய்ச்சி மையத்தார் வெளிநாட்டுச் சரக்குக்காகக் காத்திருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்திலேயே இதே இனத்தின் உள்நாட்டு வகை ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். வி.சி.ஆர்.சி. பி-17 என்பது அதன் எண். பின்னர் அதைப் பெருவாரியாக உற்பத்தி செய்யும் முறையையும் வகுத்து, தொழில் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கினார்கள். ஆராய்ச்சி, தொழிலாக மாறியது அவ்விடத்தில்தான்.

நொதிகலனும் நம் அடுப்பங்கரையும்

தொழில் என்றவுடன் அது நமக்கு எட்டாதது என்று தாய்மார்கள் எண்ண வேண்டாம். முதல் நாள் இரவு சோற்றில் நீரூற்றி மூடி வைக்கிறீர்கள். விடிந்ததும் பழையசோறு இதமான புளிப்போடு இருக்கிறது. இட்லி மாவு பொங்குகிறது. பால் தயிராகிறது. இவையெல்லாம் நுண்ணுயிர்களின் வேலை. குளிர் மிகுந்தால் மாவு பொங்காது. பாத்திரம் அழுக்காயிருந்தால் கெட்டுவிடும். நல்ல உறை கிடைத்தால் நல்ல தயிர் கிடைக்கும். தட்பவெப்பம், தூய்மை, வித்து ஆகிய மூன்றும் சீராக அமைய வேண்டும் என்பதை நீங்கள் ஏட்டில் படிக்காமலே அறிந்திருக்கிறீர்கள்.

பி.டி.ஐ. தயாரிக்கும் ஆலையிலும் இம்மூன்றே. நொதிகலன் என்பது மூடியிட்ட ஒரு பெரும் உலோகப் பாத்திரம். அதில் சோயா மாவு போன்ற மலிவான உணவைக் கரைத்து, நீராவியால் கொதிக்கவைத்து, வேண்டாத உயிர்கள் அனைத்தையும் கொல்கிறார்கள். ஆறியபின் தனியே வளர்த்து வைத்த தூய வித்தை ஊற்றுகிறார்கள். ஏறத்தாழ 30 பாகை வெப்பத்தில் வடிகட்டிய காற்றைச் செலுத்திக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். பாக்டீரியா பெருகி, உணவு தீர்ந்து, வித்துறையும் படிகமும் தோன்றியபின் அவற்றைப் பிரித்தெடுத்துத் தூளாகவோ குழம்பாகவோ ஆக்குகிறார்கள். ஒரு வேற்றுக் கிருமி உட்புகுந்தாலும் கலன் முழுவதும் வீண். உறைப்பாத்திரத்தில் வேறு கைபடக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுவே.

உணவுச் செலவைக் குறைக்க, கோழியிறகுக் கழிவைக்கூட இவ்வகைப் பாக்டீரியாக்களுக்கு உணவாக்கலாம் என்று நம் மையத்தார் ஆராய்ந்து காட்டியுள்ளனர். இறைச்சிக் கடையின் பின்புறம் கொட்டிக் கிடக்கும் குப்பை கொசு மருந்துக்கு மூலப்பொருளாகிறது. நுண்ணுயிரியலில் கழிவு என்று தள்ளத்தக்கது ஒன்றுமில்லை.

இவ்வாறே பெனிசிலின் பூஞ்சையிலிருந்து வருகிறது; புனே அருகே பிம்ப்ரியில் 1954-இல் அரசே அதற்கென ஆலை தொடங்கியது. சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய இன்சுலினை ஒரு பாக்டீரியா சுரக்குமாறு 1978-இல் செய்தார்கள். 1982-இல் அது மருந்துக் கடைக்கு வந்தது. 1997-இல் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று மஞ்சட்காமாலைத் தடுப்பூசியை ஈஸ்ட் உயிரைக்கொண்டு நம் நாட்டிலேயே தயாரித்தது. வெளிநாட்டு ஊசி எட்டாதிருந்த ஏழைகளுக்கும் அது எட்டிற்று. யானைக்காலுக்கு இன்று கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்தும், ஜப்பானிய அறிஞர் ஓமுரா ஒரு பிடி மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்தே பிறந்தது. அதற்காக 2015-இல் அவரும் காம்ப்பெல் என்பவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

வெற்றி நிலையானதன்று

நுண்ணுயிரை மந்திரம் போல் போற்றிவிட்டுப் போவது எங்கள் நோக்கமன்று. பி.டி.ஐ. விரைவில் அடியில் படிந்துவிடும். அழுக்கு மிகுந்த நீரில் நெடுநாள் நிற்காது. அழுக்கு நீரில் நன்கு நிற்பது பாசில்லஸ் ஸ்பேரிகஸ் என்ற மற்றொன்று. அதைக் கொச்சி நகரில் தொடர்ந்து தெளித்தார்கள். அங்குள்ள க்யூலெக்ஸ் கொசுக்கள் அதற்கு மிகக் கடுமையான எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிட்டன என்பது 1995-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரிந்தது. காரணம் யாது? ஸ்பேரிகஸ் ஒரே வகைச் சாவியால் ஒரே பூட்டைத் திறக்கிறது. கொசு அப்பூட்டை மாற்றிக்கொண்டது. பி.டி.ஐ.யிடம் வெவ்வேறு வகைப் புரதங்கள் நான்கு சேர்ந்து வேலை செய்கின்றன. நான்கு பூட்டுகளையும் ஒருங்கே மாற்றுவது கொசுவுக்கு எளிதன்று.

ஒன்றையே நம்பியவர் தோற்பர். பலவற்றைச் சேர்த்தவர் நிற்பர். ஆகவே வாய்க்கால் சுத்தமும் மீனும் நுண்ணுயிரும் மாத்திரையும் கொசுவலையும் சேர்ந்தே வர வேண்டும். கேரளத்துச் சேர்த்தலையில் நம் மையத்தார் எண்பதுகளின் பிற்பகுதியில் அவ்வாறே செய்தார்கள். அங்குள்ள கொசுவுக்கு நீர்க்களைச் செடியே தொட்டில். ஊர்மக்களையும் பள்ளி மாணவர்களையும் சங்கங்களாகத் திரட்டிக் களையெடுத்து, குளங்களில் மீன் வளர்க்கச் செய்தார்கள். குளம் வருமானம் தந்தது, கொசு குறைந்தது. மாணவர் சங்கம் ஆராய்ச்சிக்குத் துணையாக முடியும் என்பதற்கு அது சான்று.

இன்னொரு புதுமையையும் சொல்ல வேண்டும். 1924-இல் ஹெர்ட்டிக், வோல்பாக் என்ற இருவர் கொசுவின் உடலுக்குள்ளேயே வாழும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். வோல்பாக்கியா என்று அது பெயர் பெற்றது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இயற்கையில் அது இல்லை. அதைப் புகுத்திவிட்டால் டெங்குக் கிருமி அக்கொசுவினுள் நன்கு வளர முடிவதில்லை. அவ்வாறு வோல்பாக்கியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கி முடித்ததாக நம் புதுச்சேரி மையம் 2022-இல் அறிவித்தது. கொசுவைக் கொல்வதற்குப் பதில் கொசுவைத் திருத்துவது இம்முறை. அரசின் அனுமதிகளும் மக்களின் இசைவும் பெற்ற பின்பே அவற்றை வெளியில் விட வேண்டும். அவ்விசைவைக் கேட்டு நாளை ஒருவர் நம் வாசலுக்கு வரக்கூடும். அன்று நாம் வதந்தியைக் கேட்டு ஓடி ஒளியப் போகிறோமா, கேள்வி கேட்டுத் தெளியப் போகிறோமா? கேள்வி கேட்பதற்கும் கல்வி வேண்டும்.

தீட்டு என்பது எது?

அவையோரே, 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20 அன்று மகாராட்டிரத்து மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று சவதார் குளத்து நீரைப் பருகினார். மாடும் நாயும் குடித்த குளம் அது. மனிதர் குடித்ததால் தீட்டாயிற்று என்றார்கள். தீட்டுக் கழிக்க என்ன செய்தார்கள்? சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்து நூற்றெட்டுக் குடங்கள் அக்குளத்தில் ஊற்றினார்கள்.

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாக் குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டு உலகுக்குச் சொல்லிவிட்டார். நீர் எதனால் கெடுகிறது என்பது அன்றே தெரியும். ஒருவர் பிறப்பால் நீர் கெடுவதில்லை; கழிவு கலந்தால் கெடும். நுண்ணோக்கி எவரிடமும் சாதி கேட்பதில்லை. அர்ச்சகர் கையிலும் தோட்டி கையிலும் அதே பாக்டீரியாக்களையே அது காட்டுகிறது. தீண்டாமையைச் சட்டம் ஒழித்தது 1950-இல். அறிவியலைப் பொறுத்தவரை அதற்கு ஒரு நாளும் ஆதாரம் இருந்ததில்லை.

நம் முன்னோர்க்கு இழிதொழில் என்று சூட்டப்பட்ட தோல் பதனிடுதலைப் பாருங்கள். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவது எளிய வேலையன்று. ஐரோப்பாவில் தோலை மென்மையாக்க நாய், புறா ஆகியவற்றின் எச்சத்தைப் பயன்படுத்தினார்கள். அதில் வேலை செய்வது நொதிகளே என்ற கருத்தில் முனைந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஓட்டோ ரோம், எச்சத்துக்கு மாற்றாக நொதிகளைப் புட்டியில் அடைத்து விற்றார். நொதித் தொழிலின் முதல் வெற்றிகளுள் அது ஒன்று. 1948-இல் தோன்றிய நம் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையமும், சுண்ணாம்பு, சல்பைடு ஆகியவற்றின் கேட்டைக் குறைக்க நொதிகொண்டு மயிர் நீக்கும் முறைகளை உருவாக்கியது. தோலைத் தொட்டவரைத் தொடக் கூடாது என்றார்கள்; அதே தோல் ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் உயிர்த் தொழில்நுட்பம் என்று பெயர் பெற்றது. பெயர் மாறியபோது அதைச் செய்யும் ஆளும் மாறிவிட்டான். அதுதான் எங்கள் கவலை.

கேட்க வேண்டியவை

எங்கள் தெருவில் ஓர் ஆண்டு பத்தாம் வகுப்பில் நன்கு தேறியவர் மூவர். மூவரும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விஞ்ஞானப் பிரிவு கேட்டு நின்றோம். 'உங்களுக்கு எதற்கப்பா விஞ்ஞானம்? எளிதாக ஒரு பிரிவை எடுத்துப் பாஸ் செய்து உத்தியோகத்துக்குப் போங்கள்' என்றார் அங்கிருந்தவர். கடிந்து சொல்லவில்லை, அன்பாகவே சொன்னார். அதனால்தான் எதிர்த்துக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் தந்தையாரும் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு அழைத்து வந்தார். மூவரும் கலைப்பிரிவில் சேர்ந்தோம். உத்தியோகமும் கிடைத்தது, குறையில்லை. ஆனால் இரவில் வந்து இரத்தம் எடுத்தவரின் நுண்ணோக்கியினூடே ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்ற அன்றைய ஆசை நிறைவேற எங்களுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது.

இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் இருக்கும்போது, ஒவ்வொரு சூன் மாதமும் அதே காட்சியைக் காண்கிறோம். பெற்றோரே வந்து, 'பிள்ளைக்குக் கஷ்டமில்லாத பிரிவாகக் கொடுங்கள், ஐயா' என்கிறார்கள். அன்று பிறர் சொன்னதை இன்று நாமே சொல்லிக்கொள்கிறோம். பெற்றோர்களே, அச்சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வழிகள் இல்லாமலில்லை. 1964-இல் தோன்றிய ஜிப்மர் நம் கோரிமேட்டில் இருக்கிறது. அதன் வேர் 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி. 1985-இல் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் துறை உண்டு. நாங்கள் சொன்ன அதே கொசு ஆராய்ச்சி மையத்தில், பல்கலைக்கழக இணைப்போடு, நோய்பரப்பும் பூச்சிகளைப் பற்றிய முதுகலை அறிவியல் படிப்பு நடைபெற்றுவருகிறது. அதில் சேர உயிரியல் பட்டம் வேண்டும். பட்டத்துக்கு மேல்நிலையில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் எடுக்கும் ஒரு முடிவே வாசலைத் திறக்கிறது அல்லது அடைக்கிறது. பட்டியல் இன மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதல் இருந்துவருகிறது. அது கருணையன்று, உரிமை.

சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, மாலை வகுப்புக் கூடத்துக்கு ஒரு நல்ல நுண்ணோக்கி வாங்குங்கள். இவ்விழாப் பந்தலுக்கும் மாலைகளுக்கும் ஆன செலவில் அதை வாங்கிவிடலாம். எங்கள் முதல் மாத ஓய்வூதியத்தை அதற்குத் தருவதாக இம்மேடையில் வாக்களிக்கிறோம். இரண்டாவது, பத்தாம் வகுப்பு முடிவு வந்தவுடன் விஞ்ஞானப் பிரிவில் சேர விரும்பும் பிள்ளையோடு சங்கத்தின் சார்பில் ஒருவர் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அன்று எங்கள் தந்தையாரோடு ஒருவர் வந்திருந்தால் எங்கள் கதை வேறாகியிருக்கும். மூன்றாவது, சேர்த்தலை மாணவரைப் போல நம் பிள்ளைகளும் ஒரு சங்கம் அமைத்து, வாரந்தோறும் தம் தெருவில் தேங்கிய நீரை அகப்பையால் மொண்டு, புழுக்களை எண்ணி, ஏட்டில் எழுதிவைக்கட்டும். யாரும் சாக்கடைக்குள் இறங்க வேண்டாம், எண்ணட்டும். எண்ணிக்கை கையிலிருந்தால் எந்த அலுவலகத்தின் முன்பும் தலைநிமிர்ந்து நின்று, 'எங்கள் வாய்க்காலை இயந்திரம் கொண்டு தூர்வாருங்கள்' என்று கேட்கலாம்.

எங்கள் தந்தையார் வாய்க்காலுக்குள் நின்றார். நாங்கள் கரையேறிப் பள்ளிக்கூடத்தில் நிற்கிறோம். அவர் பேரப்பிள்ளைகளுள் ஒருத்தி அவ்வாய்க்கால் நீரில் ஒரு சொட்டை எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இதுவரை எவரும் காணாத ஒன்றைக் கண்டு உலகுக்குச் சொல்ல வேண்டும். அப்போது வண்டல் வாரியவர்களின் பெயரையும் அவள் தன் கட்டுரையின் முதல் வரியில் எழுதுவாள் என்று நம்புகிறோம்.

அத்தையார் இன்று இல்லை. இருட்டில் முதலில் விரலை நீட்டிய அவருடைய துணிவு நம் பிள்ளைகளுக்கு வரட்டும் என்று கூறி அமைகிறோம்.